பதினாலாம் நம்பர்

ஜூலை 3

தலைமையாசிரியை எஸ்தர் டீச்சர் கூப்பிட்டு விட்டதும் பாப்பாவுக்கு என்னவோ ஏதோ என்று ஓடினேன். பள்ளிக்கூடத்தின் போன் அவர் அறையில்தான் இருக்கிறது. பிரசவ விடுப்பு முடிந்து வந்ததிலிருந்து அந்த அறைக்கு நான் நடந்து போனதே இல்லை.

விஷயம் வேறு. நிர்வாகத்தில் 'ஏணி' என்று ஒரு இணையவழிக் கற்றல் தளத்துக்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பாட வீடியோ, பயிற்சிக் கேள்விகள், சந்தேகம் கேட்க ஒரு பெட்டி. ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் ஆரம்பிப்பது, பிள்ளைகள் பார்த்தால் மற்ற வகுப்புகளுக்கும் கொண்டு போவது.

"இங்க நீங்கதான் வயசுல சின்னவங்க, கொடி டீச்சர். எனக்கு வாட்ஸ்அப்ல ஒரு குட்மார்னிங் வந்தா பதில் போடுறதுக்குள்ள குட்நைட் ஆயிருது."

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பொம்பளப் பிள்ளைக பேரு, போட்டோ எதுவும் அதுல ஏறக் கூடாது. வருகை நம்பர் மட்டும் போதும். உங்க முகமும் வேண்டாம். கையும் போர்டும் தெரிஞ்சாப் போதும்."

"சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆவுடையிடம் முதல் கேள்வி, தினமும் கேட்கும் அதே கேள்வி. "இன்னைக்கு எவ்வளவு சாப்பிட்டா?"

"மூணு கரண்டி, மதினி. அதுல ரெண்டைத் துப்பிட்டா."

"அப்போ ஒண்ணுதான சாப்பிட்டிருக்கா?"

"கணக்கு டீச்சர்லா நீங்க. நீங்களே சொல்லுங்க."

ஆவுடைச்செல்வி என் கணவரின் தங்கை. வயது இருபது. மாமியார் மூத்த மகன் வீட்டோடு திருப்பூரில் இருப்பதால் பகலில் பாப்பாவுக்கு எல்லாமே இவள்தான். பத்தாம் வகுப்பில் கணக்கில் பெயிலானவள், அத்தோடு படிப்பை விட்டவள். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் அவளுக்குப் புறக்கடையில் உடனே ஏதாவது வேலை வந்துவிடும்.

ஜூலை 5

அரை நாள் கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் எண்களை எல்லாம் ஏணியில் ஏற்றினேன். பேர் இல்லை, ஊர் இல்லை, வெறும் எண்கள். மாணவி திறந்தால் தளம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டும் அல்லவா? பதினாலாம் நம்பர் காலியாக இருந்தது. ஜெயந்தி டி.சி. வாங்கிக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டாள். வீட்டுக்கு வந்ததும் என் பழைய போனில் அந்த எண்ணைப் போட்டு உள்ளே போனேன்.

'வணக்கம், 14' என்றது. ஜெயிலுக்குள் போன மாதிரி இருந்தது.

வெளியே வரும் வழியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பாப்பா வீரிட்டு அழுதாள். போனைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடினேன்.

ஜூலை 6

கேழ்வரகுக் கூழைத் துப்பினாள். என் மேல், ஆவுடை மேல், காலண்டரில் இன்றைய தேதி மேல்.

ஜூலை 10

டாக்டரிடம் போனோம். போன மாதம் காட்டிய இடத்திலேயே எடை முள் நின்றது. டாக்டரம்மா முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஒன்றும் காட்டாத முகத்தைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

"போன் காட்டி ஊட்டுறீங்களா?"

"இல்ல டாக்டர்."

"காட்டவே கூடாது. அதையே பாத்துக்கிட்டு வாயைத் திறக்கப் பழகிட்டா பசியே தெரியாமப் போயிரும்."

வீட்டுக்கு வந்து அதைச் சட்டமாக்கினேன். ஆவுடையின் பட்டன் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துவிட்டதால் என் பழைய போனை அவளிடம் கொடுத்திருக்கிறேன். அவசரத்துக்கு என்னைக் கூப்பிட மட்டும். "பாப்பா கண்ணுல அந்த வெளிச்சமே படக் கூடாது, சரியா?"

"சரி மதினி."

இவர் மருந்து கம்பெனி வேலையாகக் கோவில்பட்டி, ராஜபாளையம் என்று சுற்றிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். சொல்லிவிட்டேன். "காலாண்டு லீவு வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள பாப்பாவுக்கு எடை ஏறலேன்னா வேலையை விட்டுருவேன்."

"நீ வீட்ல இருந்தாச் சாப்பிட்டுருவாளா?"

"லீவுல இருந்தப்போ சாப்பிட்டால்லா."

இவர் தன் தட்டில் இருந்த தோசையை எடுத்து என் தட்டில் வைத்தார்.

எம்.எஸ்ஸி., பி.எட். முடித்து நாலு வருடம் காத்திருந்து கிடைத்த வேலை. இந்த நேரத்தில் அதை எழுத வேண்டியதில்லை. எழுதிவிட்டேன்.

ஜூலை 12

முதல் பாடத்தைப் பதிவு செய்தாயிற்று. இடம்: வேதியியல் லேப். மின்விசிறி சத்தம் போடும் என்று நிறுத்தியதில் நனைந்துவிட்டேன். போர்டில் வெளிச்சம் போதாது என்று எஸ்தர் டீச்சர் தன் டிபன் பாக்ஸ் மூடியைத் துடைத்து, ஜன்னல் வெயிலைப் பிடித்து போர்டில் அடித்தார். பாடம் முடியும் வரை அசையாமல் நின்றார். முடிகிற நேரத்தில் தும்மினார். மறுபடி முதலிலிருந்து.

போட்டுக் கேட்டால் என் குரல் எனக்கே யார் குரலோ போல இருக்கிறது. அதைவிட மோசம், ஒவ்வொரு வரிக்கும் "அடுத்தது என்ன?" என்று கேட்டுவிட்டு நிறுத்துகிறேன். இத்தனை நாளும் வகுப்பில் இப்படியா பேசிக்கொண்டிருந்தேன்?

"அதையெல்லாம் வெட்டிரட்டுமா டீச்சர்?"

"வெட்டாதீங்க. நம்ம பிள்ளைக அங்கனதான் முழிக்கும்."

ஜூலை 16

ஏணி திறந்து இன்று இரண்டாவது நாள். நேற்று மாலை வரை மூன்றே மூன்று பார்வைகள். ஒன்று நான். ஒன்று எஸ்தர் டீச்சர், அதுவும் கை பட்டு. மூன்றாவது, பதினாலாம் நம்பர்.

பதினாலு இப்போது காலி இல்லை. திங்கட்கிழமை கோவில்பட்டிப் பக்கமிருந்து செண்பகவல்லி என்று ஒரு பெண் வந்து சேர்ந்திருக்கிறாள். காலி எண்ணைப் புதிதாக வருகிறவளுக்குக் கொடுப்பது இங்கே வழக்கம். அப்பா அம்மா இருவருக்கும் பூந்தோட்டத்தில் வேலை. இவளும் விடிவதற்குள் பிச்சிப்பூ பறித்துவிட்டுத்தான் வருகிறாள். மூன்றாவது பீரியடில் கண் சொருகிவிடும். எண்ணையும் கடவுச்சொல்லையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தபோது எதுவும் கேட்காமல் மடித்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டாள்.

அவளா பார்த்திருக்கிறாள்? வகுப்பில் வாயே திறக்காதவள்.

ஜூலை 19

பதினாலு தினமும் பார்க்கிறாள். அதுவும் ஒரு முறை இல்லை, மூன்று முறை. எந்த மணிக்கு என்று ஏணி சொல்லாது. எந்த நாளில் எத்தனை முறை என்று மட்டும் காட்டும். எஸ்தர் டீச்சரிடம் காட்டினேன். "என்ன இது, டாக்டர் எழுதிக் குடுத்த மாதிரி மூணு வேளை" என்றார்.

மற்றவர்கள் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் ஒருத்தி இருக்கிறாள். வெறும் சுவரைப் பார்த்துப் பேசவில்லை.

ஜூலை 20

ஞாயிறு. பதினாலு இன்று பார்க்கவில்லை. அவளுக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும்தானே.

நாள் முழுக்க நான்தான் ஊட்டினேன். பாப்பா வாயைப் பூட்டிக்கொண்டாள். தலையை அந்தப் பக்கம், இந்தப் பக்கம். ஆவுடை ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள்.

ஜூலை 25

பாப்பா சாப்பிடுகிறாள். காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் கிண்ணம் காலி என்கிறாள் ஆவுடை. கழுவாத கிண்ணங்களைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். உண்மைதான்.

"என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல. பசி வந்துட்டு மதினி, வேற என்ன." சொல்லிக்கொண்டே புறக்கடைக்குப் போய்விட்டாள்.

நான் ஊட்டினால் சாப்பிடாதவள் நான் இல்லாதபோது சாப்பிடுகிறாள். சந்தோஷம்தான். எடை ஏறினால் போதும், யார் ஊட்டினால் என்ன. சந்தோஷம்தான்.

ஜூலை 29

பதினாலு பயிற்சிக் கேள்விகளுக்கும் பதில் எழுத ஆரம்பித்துவிட்டாள். பத்துக்கு முதல் முறை சுழியம். அடுத்து இரண்டு. அதே தாளைத் திரும்பத் திரும்ப எழுதி ஏழுக்கு வந்து நிற்கிறாள். மதிப்பெண்ணுக்கான தேர்வு இல்லை, யாரும் கேட்கப் போவதில்லை. யாரும் கேட்காததை ஏழுக்கு வரும் வரை எழுதுவது என்றால் எப்படிப்பட்ட பெண்.

இன்று வகுப்பில் செண்பகவல்லியை எழுப்பி எல்லோர் முன்னாலும் சொன்னேன். "பேசாம இருக்கான்னு நினைக்காதீங்க. உங்க எல்லாரையும் விட உழைக்கிறது இவதான். கை தட்டுங்க."

அவள் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். அடக்கமான பிள்ளை. முன் வரிசையில் உட்கார வைத்தேன்.

ஆகஸ்ட் 1

பாப்பாவுக்குச் சளி, லேசாகக் காய்ச்சல். விடுப்பு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். கஞ்சித் தண்ணீர் மட்டும் குடித்தாள். நூறு டிகிரி. அரை மணிக்கு ஒரு தடவை தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து இவரிடம் திட்டு வாங்கினேன்.

பதினாலும் இன்று பார்க்கவில்லை. அவளுக்கும் காய்ச்சலோ. ஊரெல்லாம் இருக்கிறது.

ஆகஸ்ட் 4

செண்பகவல்லியைக் கேட்டேன். "வெள்ளிக்கிழமை உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருந்தேன் டீச்சர்."

"பரவால்ல. ஒரு நாள் விட்டாத் தப்பில்ல."

புரியாமல் பார்த்தாள். பிறகு மெதுவாக, "கணத்துல வெட்டுன்னா ரெண்டுலயும் இருக்கறது மட்டுந்தான டீச்சர்?" என்று கேட்டாள். இந்தப் பள்ளிக்கு வந்து அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. வீடு வரும் வரை என் கால் தரையில் படவில்லை.

ஆகஸ்ட் 5

சந்தேகப் பெட்டி திறந்த நாளிலிருந்து காலியாகத்தான் கிடந்தது. இன்று முதல் சந்தேகம் வந்திருக்கிறது. அனுப்பியது பதினாலு.

'இந்தப் பக்கம் இருக்கறது அந்தப் பக்கம் போனா கூட்டல் கழித்தலா மாறும்னு சொல்லுதீங்க. பக்கம் மாறினா குறி ஏன் மாறணும்? எல்லாரும் மாறும் மாறும்னுதான் சொல்லுதாங்க. ஏன்னு யாரும் சொல்லல.'

இரண்டு முறை படித்தேன். சமன்பாடு நடத்தும்போதெல்லாம் 'மாறும்' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிற அந்த 'எல்லாரும்' நான்தான். வேர்க்கடலைச் சட்னிக்குக் கடலையை அடுப்பில் போட்டதை மறந்து தீய்த்துவிட்டேன். ஆவுடை சண்டை போடவில்லை. "என்ன மதினி யோசனை?" என்றாள்.

"ஒரு பிள்ளை நல்ல கேள்வி கேட்டிருக்கா."

"நல்ல கேள்வியா?"

"ரொம்ப நல்ல கேள்வி."

கருகிய கடலையைக் கொட்டிவிட்டுப் புதிதாக வறுக்க ஆரம்பித்தாள். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே.

ஆகஸ்ட் 7

பள்ளிக்கு எதிரே இருக்கும் பூக்கடையிலிருந்து தராசை இரவல் வாங்கினேன். செண்பகவல்லிக்குத் தராசென்றால் புரியும். ஒரு தட்டில் மூடிய பொட்டலமும் ஐந்து எலுமிச்சையும், மறு தட்டில் பன்னிரண்டு எலுமிச்சை. முள் நடுவில் நின்றது. இந்தத் தட்டிலிருந்து ஐந்தை எடுத்தால் தராசு சாயும். சாயாமல் இருக்க? அந்தத் தட்டிலும் ஐந்தை எடுக்க வேண்டும். எதுவும் பக்கம் தாண்டிப் போகவில்லை, குறியும் மாறவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எடுக்கிறோம், அவ்வளவுதான். "அடுத்தது என்ன?" பொட்டலத்தைப் பிரித்தால் ஏழு.

எல்லாம் ஒரே அளவில் அமைய எஸ்தர் டீச்சர் சந்தைக்கே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தார். பதிவு முடிந்ததும் எல்லாவற்றையும் பிழிந்து ஆசிரியர்கள் அறைக்கு ஒரு பானை சர்பத்.

ஆகஸ்ட் 9

சாயங்காலம் ஆவுடை அதிரசம் சுட்டாள். இவர் தட்டில் நாலு, எனக்கு நாலு. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று என் தட்டிலிருந்து இரண்டை எடுத்தவள், இவர் தட்டிலிருந்தும் இரண்டை எடுத்தாள்.

"ஏட்டி, என் தட்டுல எதுக்குக் கை வைக்க?" என்றார் இவர்.

"அங்க எடுத்தா இங்கயும் எடுக்கணும்லா. அப்பத்தான் சமம்."

சின்ன வயதிலிருந்தே நியாயம் பார்க்கிறவள் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 12

வேடிக்கை ஒன்று நடந்தது. பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பருப்புச் சாதம் ஊட்டப் போனேன். வழக்கம்போல வாயைப் பூட்டிக்கொண்டாள். நாளைய பாடக் குறிப்பு எதிரே இருந்தது. ஒரு கண்ணால் அதைப் படித்து, அடுத்தது என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாப்பா வாயைத் திறந்தாள். கிணறு மாதிரி.

அப்புறம் ஒரே ஓட்டம், கிண்ணம் காலி. கொட்டாவி விட வாயைத் திறந்தவளுக்குப் பசி எடுத்திருக்கும். சமையலறை வாசலில் நின்ற ஆவுடை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். பல்வலி என்றாள்.

ஆகஸ்ட் 13

வகுப்பில் முக்கால்வாசிப் பேர் இப்போது ஏணி பார்க்கிறார்கள். பதினாலை முந்த வேண்டுமாம். நாளை மறுநாள் கொடியேற்றும்போது பதினாலாம் நம்பருக்குப் பரிசு கொடுக்கப் போவதாக எஸ்தர் டீச்சர் வகுப்பிலேயே அறிவித்துவிட்டார். செண்பகவல்லியின் முகம் சுண்டிப்போனது. மேடைப் பயம்.

ஆகஸ்ட் 14

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும், நாளைக்கு எனக்கே நம்ப முடியாது.

காலை பிரார்த்தனை முடிந்ததும் செண்பகவல்லி என் பின்னாலேயே வந்தாள். லேப் வாசலில் நின்று, "டீச்சர், எனக்குப் பரிசு வேண்டாம்" என்றாள்.

"ஏன்மா?"

"அது நான் இல்ல. எங்க வீட்ல போனே கிடையாது."

அவள் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து அந்தத் துண்டுத் தாளைக் காட்டினாள். மடித்த மடிப்பு பிரியாமல் இருந்தது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்கு யாரும் கை தட்டினதில்ல டீச்சர்." கீழே பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்புறம் நீங்க நல்லாப் படிக்கான்னு சொல்லிட்டீங்க. பொய்யாயிரக் கூடாதுன்னு மாலா நோட்டை வாங்கிச் சாப்பாட்டு நேரத்துல தினம் படிக்கேன். கணம் அத்தியாயம் முழுக்க இப்ப தெரியும். வேணும்னா கேட்டுப் பாருங்க."

கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

எஸ்தர் டீச்சரிடம் சொன்னதும் அவர் எழுந்து நின்றார். "அப்போ உள்ள இருக்கது யாரு? பேரில்லாம, முகமில்லாம எவனோ ஒருத்தன் எம்பிள்ளைக நடுவுல ஒரு மாசமா உக்காந்திருக்கானா? சாயங்காலத்துக்குள்ள யாருன்னு தெரியணும், கொடி டீச்சர். இல்லேன்னா ஏணியை மூடிருங்க."

எண்ணைப் பூட்ட என் போனுக்கு வரும் ஓ.டி.பி. வேண்டும். போனில் சார்ஜ் இல்லை. சார்ஜர் வீட்டில். மதியம் மணி அடித்ததும் கிளம்பினேன். வீடு தூரமில்லை. நடுவில் போய் வந்தால் பாப்பா இரண்டாம் முறை அழுவாள் என்று நான் மதியம் போவதே இல்லை. வழியெல்லாம் அந்த மூன்று வேளை, அந்த ஏழு மதிப்பெண், அந்தக் கேள்வி. கெட்டவன் ஒருவன் எதற்குப் பக்கம் மாறினால் குறி ஏன் மாறுகிறது என்று கேட்க வேண்டும்?

வாசல் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ பெண் பேசிக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் யார் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தபடியே கதவைத் தள்ளினேன்.

"இரண்டு பக்கமும் ஐந்தை எடுத்தாச்சு. அடுத்தது என்ன?"

நான்.

அடுக்களை வாசலில் பாப்பா கால் நீட்டி உட்கார்ந்து வாயைத் திறந்திருந்தாள். ஆவுடை ஒரு வாய் வைத்தாள். முறத்தில் என் பழைய போன் கவிழ்ந்து கிடந்தது. முறத்துக்குள்ளிருந்து நான் பேசிக்கொண்டே போனேன். பாப்பா மென்றுகொண்டே முறத்தைப் பார்த்துச் சிரித்தாள். மறுபடி, "அடுத்தது என்ன?" மறுபடி கிணறு.

பாப்பாதான் முதலில் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், முறத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அம்மா எப்படி இரண்டு இடத்தில் இருக்கிறாள் என்ற குழப்பம்.

ஆவுடை துள்ளி எழுந்தாள். "காட்டல மதினி. சத்தியமாக் காட்டல. கவுத்துதான் வச்சிருக்கேன். சத்தம் மட்டுந்தான்."

"எப்பருந்து?"

"ஒரு நா போன்ல என்னமோ அமுத்தினேன், உங்க சத்தம் வந்துச்சு. அழுதுக்கிட்டு இருந்தவ டக்குனு நிப்பாட்டிட்டா. நீங்க கேள்வி கேட்டு நிறுத்துவீங்கள்லா, அப்போ வாயைத் திறந்தா. சரின்னு வச்சேன், முழுங்கிட்டா." மூச்சு வாங்கினாள். "அவளுக்கு உங்க சத்தம் வேணும் மதினி, அவ்வளவுதான். நான் சொன்னா நீங்க போனைப் புடுங்கிருவீங்கன்னு பயந்துட்டேன்."

நான் பாப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அந்தக் கிண்ணங்கள் எல்லாம் நான் இல்லாமல் காலியானவை என்று எண்ணி எத்தனை நாள். இதற்கு மேல் அதை எழுத வேண்டாம்.

"பயிற்சிக் கேள்வி?"

ஆவுடை புறக்கடைப் பக்கம் பார்த்தாள். ஆனால் போகவில்லை.

"பாப்பா தூங்கினப்புறம் சும்மாத்தான இருக்கேன். மூணு வேளையும் அதையே கேட்டுக் கேட்டு, என்னதான் சொல்லுதீங்கன்னு முகத்தைத் திருப்பிப் பாத்தேன். போனோட முகத்தை. எழுதிப் பாத்தேன்." குரல் இறங்கியது. "பத்துல நான் அங்கதான் பெயிலானேன் மதினி. எல்லாரும் மாறும்னாங்க. ஏன்னு தெரியாம எப்படி மாத்த?"

பாப்பா முறத்தைத் தட்டினாள். அடுத்த வாய் வரவில்லையே என்று.

"பதில் கிடைச்சுதா?"

"தராசு வச்சீங்கள்லா. அன்னைக்கு அதிரசத்துல உங்க ரெண்டு பேரையும் சோதிச்சேன்."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பால் வந்ததுதான்.

மதிய வகுப்புக்கு மணி அடித்த பிறகுதான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன். சார்ஜரை எடுக்கவில்லை. எஸ்தர் டீச்சர் தன் அறை வாசலிலேயே நின்றார், உள்ளே கூட்டிப் போனார். சொன்னேன். அவர் முதலில் மேஜையைப் பிடித்துக்கொண்டார், பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு நாள் விடாமப் பாடம் கேட்டது பதினோரு மாசப் பிள்ளையா?"

"ஞாயிற்றுக்கிழமை லீவு, டீச்சர்."

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தவர், சட்டென்று நிமிர்ந்தார். "செண்பகவல்லி மாதிரி போன் இல்லாத பிள்ளைக எத்தன பேரு?" எனக்குத் தெரியவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பிள்ளைகளைப் பார்க்கவில்லை. "திங்கட்கிழமையில இருந்து சாப்பாட்டு நேரத்துல கம்ப்யூட்டர் லேபைத் திறந்து போடுவோம். சாவி என்கிட்ட இருக்கட்டும்."

ஆகஸ்ட் 15

கொடியேற்றம். ஆவுடையைப் பாப்பாவோடு வரச் சொல்லியிருந்தேன். வரமாட்டேன் என்றவள் என் நீலப் புடவையை உடுத்திக்கொண்டு வந்து கடைசியில் வேப்பமரத்தடியில் நின்றாள்.

"பதினாலாம் நம்பர்" என்று எஸ்தர் டீச்சர் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார். "ரெண்டு பேரு இருக்காங்க. ரெண்டு பேரும் வரணும்."

செண்பகவல்லி முன் வரிசையிலிருந்து போனாள். ஆவுடை அசையவில்லை. செண்பகவல்லி இறங்கி வந்து வேப்பமரம் வரை நடந்து, "அக்கா, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு ஜாமெட்ரி பாக்ஸ். ஒன்றைப் பாப்பா பிடுங்கி வாயில் வைத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். செண்பகவல்லி இந்த முறை பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 19

மதிய லேபில் பதினோரு பிள்ளைகள். பதினாலின் கணக்கில் இன்று நாலு பார்வை: வீட்டில் மூன்று, லேபில் செண்பகவல்லி ஒன்று. நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

செப்டம்பர் 12

டாக்டரிடம் போனோம். ஆவுடையும் வந்தாள். நான் எடைக் கருவியைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த வாத்துப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நல்லா ஏறியிருக்கே" என்றார் டாக்டரம்மா. "என்ன குடுக்கீங்க?"

"இயற்கணிதம்" என்றாள் ஆவுடை.

முழுக்கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. டாக்டரம்மா கேட்டுவிட்டு, கவிழ்த்து வைத்தது சரி, மெதுவாகப் போன் இல்லாமலும் பழக்குங்கள், அத்தை குரலிலும் கேள்வி கேட்டுப் பாருங்கள் என்றார். வெளியே காத்திருந்தவர்கள் கதவில் தட்டும் வரை அவரே நாலு கேள்வி கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம், "வேலைக்குப் போறேன்" என்றேன்.

"நீ விட்டுருவன்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல" என்றார். இந்த முறை என் தட்டில் இருந்து தோசையை எடுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 20

காலாண்டுத் தேர்வு நடக்கிறது. விடைத்தாள் கட்டு மடியில். நாளை ஞாயிறு. பாப்பா என் கையில் சாப்பிடுவாள், கேள்வி கேட்டால்.

சாயங்காலம் ஆவுடை வந்து எதிரில் உட்கார்ந்தாள். புறக்கடைக்குப் போகவில்லை.

"மதினி, பதினாலு அந்தப் பிள்ளை நம்பரு. இனிமே நான் அதுல போக மாட்டேன்."

"சரி."

"எனக்குத் தனியா ஒரு நம்பர் வேணும்." போனைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தாள். "தனித் தேர்வுக்குக் கணக்கு மட்டும் எழுதலாமாம். விசாரிச்சுட்டேன். பத்தாம் வகுப்புப் பாடமும் நீங்கதான் பேசணும். வேற ஆள் பேசினா இவளும் சாப்பிட மாட்டா, நானும் படிக்க மாட்டேன்."

எஸ்தர் டீச்சருக்குப் போன் போட்டேன். அவர் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "வகுப்புல கடைசி நம்பர் முப்பத்தாறுதான? முப்பத்தேழைக் குடுங்க. பேரு, போட்டோ வேண்டாம்னு சொல்லிருங்க. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

உடனே போட்டுக் கொடுத்தேன். 'வணக்கம், 37' என்றது. ஆவுடை அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை பத்தாம் வகுப்பின் முதல் பாடத்தைப் பதிவு செய்ய வேண்டும். வெளிச்சத்துக்கு டிபன் பாக்ஸ் மூடி தயார் என்று சொல்லியிருக்கிறார் எஸ்தர் டீச்சர். எனக்கு நானே குறித்துக்கொள்வது ஒன்றுதான்: 'அடுத்தது என்ன?' என்று கேட்டதும் அவசரப்படக் கூடாது. ஒரு கரண்டி வாய்க்குப் போய், மென்று, விழுங்கும் நேரம் நிறுத்த வேண்டும்.